டார்க்: ஊகித்தவர்களுக்கு நியாயம் செய்த கடைசி சீசன்

ஒரு மர்மத் தொடரின் கடைசி சீசன் எப்படி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் கடைசிக் காட்சியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அழுதேன் என்கிறார்கள், ஏமாந்தேன் என்கிறார்கள், யாரும் எதிர்பார்க்காத திருப்பம் என்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி வேறு. முந்தைய சீசன் முடிந்த நாளிலிருந்து கடைசி சீசன் வெளியாகும் நாள்வரை, கையில் கிடைத்த தடயங்களை மட்டும் வைத்துக்கொண்டு, இவன் யாருடைய மகன், அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, இதையெல்லாம் தொடங்கிவைத்தது யார் என்று விடாமல் யோசித்துக்கொண்டிருந்த பார்வையாளருக்குத் தொடர் என்ன பதில் சொன்னது, அந்தப் பதிலை அவர் முயன்றிருந்தால் கண்டுபிடித்திருக்க முடியுமா என்பதே அந்தக் கேள்வி. நெட்ஃபிளிக்ஸில் வெளியான ஜெர்மன் தொடரான 'டார்க்' இந்தத் தேர்வில் மிக நல்ல மதிப்பெண் பெறுகிறது. ஓரிடத்தில் மட்டும் சறுக்குகிறது. இரண்டையும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மதுரையில் எங்கள் சிறு வட்டம் இந்தத் தொடரின் முடிவை ஊகித்த அளவுக்கு வேறு எந்தக் கதையையும் ஊகித்ததில்லை.

பாரன் போ ஓடாரும் யான்ட்யே ஃப்ரீஸேயும் சேர்ந்து உருவாக்கிய இந்தத் தொடரின் முதல் சீசன் 2017 டிசம்பர் 1 அன்று 10 பகுதிகளுடனும், இரண்டாவது சீசன் 2019 ஜூன் 21 அன்று 8 பகுதிகளுடனும், மூன்றாவதும் கடைசியுமான சீசன் 2020 ஜூன் 27 அன்று 8 பகுதிகளுடனும் வெளியாயின. ஆக மொத்தம் 26 பகுதிகளில் கதை முடிந்துவிடுகிறது. வின்டன் என்ற கற்பனை ஊர், ஊரை ஒட்டி ஓர் அணுமின் நிலையம், காட்டுக்குள் ஒரு குகை, தலைமுறை தலைமுறையாக ஒருவரோடு ஒருவர் பின்னிக்கிடக்கும் நான்கு குடும்பங்கள், இவ்வளவுதான் களம். 2019 நவம்பர் 4 அன்று இரவில் மிக்கேல் என்ற சிறுவன் குகைக்கருகே காணாமல் போகிறான். அவன் போய்ச் சேர்ந்த இடம் அதே வின்டன்தான், ஆனால் ஆண்டு 1986 என்பது தெரியவரும்போது கதை முற்றிலும் வேறொன்றாகிறது. 33 ஆண்டு இடைவெளியில் 1953, 1986, 2019 ஆகிய மூன்று காலங்களும் அந்தக் குகை வழியாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. மூன்று சீசன்களோடு கதை முடியும் என்பதை இரண்டாவது சீசன் வெளியாவதற்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். ஊகிப்பவர்களுக்கு இது மிகப் பெரிய உறுதிமொழி. எங்கே முடிப்பது என்று தெரிந்து எழுதுகிறார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் தடயங்களைப் பொறுக்கிச் சேர்ப்பதில் பொருள் இருக்கிறது.

இனி வரும் பத்திகளில் முடிவு உட்பட எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசப்போகிறேன். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் நேராகக் கடைசி இரண்டு பத்திகளுக்குப் போய்விடுவது நல்லது; தொடரை எந்த முறையில் பார்க்கலாம் என்பது மட்டும்தான் அங்கே இருக்கிறது.

இரண்டாவது சீசன் நின்ற இடத்தை நினைத்துப் பாருங்கள். கதையின் நாயகனான யோனாஸின் கண்ணெதிரே அவன் காதலி மார்த்தா சுடப்பட்டு இறக்கிறாள். ஊரை அழிக்கப்போகும் பேரழிவு சில நிமிடங்களில் நிகழவிருக்கிறது. அப்போது நெற்றியில் முடி வெட்டிவிட்ட, கையில் உருண்டையான ஒரு கருவியை வைத்திருக்கிற இன்னொரு மார்த்தா வந்து நிற்கிறாள். எந்தக் காலத்திலிருந்து வருகிறாய் என்று யோனாஸ் கேட்க, காலத்தைக் கேட்காதே, எந்த உலகம் என்று கேள் என்கிற பொருளில் அவள் பதில் சொல்கிறாள். அத்தோடு திரை இருண்டுவிட்டது. அதன்பின் ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்புக்கு நடுவே, தொடருக்குள் சிறுவன் காணாமல் போகிற அதே 2019 நவம்பர் 4 நிஜ உலகத்திலும் வந்தது. தற்கொலை செய்துகொண்ட யோனாஸின் தந்தை விட்டுச்சென்ற கடிதத்தை எந்த நேரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது என்று உறையில் எழுதியிருந்ததோ அந்த இரவு 10.13 மணிக்கு நாங்கள் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்துப் பேசிக்கொண்டோம்.

நாட்களோடு தொடர் விளையாடியது அத்துடன் நிற்கவில்லை. கதையில் அந்தத் தந்தை தற்கொலை செய்துகொண்டது ஜூன் 21. இரண்டாவது சீசன் வெளியான நாளும் ஜூன் 21. கதையில் வின்டன் அழிவது 2020 ஜூன் 27. கடைசி சீசனை அதே நாளில் வெளியிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை மதுரை இருந்த நிலை இங்கே வாழ்ந்தவர்களுக்கு மறக்காது. கொரோனா தொற்று ஏறிக்கொண்டே போனதால் ஜூன் 24 முதல் மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்கள் முழுவதிலும் தளர்வில்லாத ஊரடங்கு போடப்பட்டிருந்தது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்காத ஆண்டு அது. டீக்கடைகள் மூடிக் கிடந்தன. வில்லாபுரத்தில் எங்கள் தெருமுனையில் மூங்கில் கட்டித் தகரம் அடித்திருந்தார்கள். வழக்கமாகக் கடையில் நின்று பேசுகிற பேச்செல்லாம் தொலைபேசிக்கு மாறிவிட்டது. இந்திய நேரப்படி பகல் 12.30 மணிக்குக் கடைசி சீசன் வெளியாகும் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய இரவு முழுவதும் எங்கள் ஊகங்களைத் தொகுத்தோம்.

எங்கள் வட்டத்தில் இருந்தவர்கள் மூவர்: நான், திருநகரில் இருக்கும் என் அக்கா மகள், செல்லூரில் இருக்கும் ஒரு நண்பர். நண்பருக்குக் காய்கறி மொத்த வியாபாரம்; சந்தை மூடியிருந்ததால் அவருக்கு அப்போது நேரம் நிறைய இருந்தது. அக்கா மகள் நாட்காட்டித் தாள்களைப் பின்பக்கம் திருப்பி ஒட்டி, நான்கு குடும்பங்களின் வம்ச மரத்தையும் ஒரே விரிப்பில் வரைந்திருந்தாள். உறுதியான உறவுக்கு நீலக் கோடு, ஊகத்துக்குப் பென்சில் கோடு. படமெடுத்து அனுப்பிய அந்த விரிப்பில் பென்சில் கோடுகள்தான் அதிகம். இந்தத் தொடரைப் பார்க்கும்போது உறவுமுறை பழகிய நம் ஊர் மூளை எவ்வளவு உதவுகிறது என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். காணாமல் போன மிக்கேல்தான் 1986இல் வளர்ந்து ஆளாகி யோனாஸுக்குத் தகப்பன் ஆகிறான்; மார்த்தா மிக்கேலின் உடன்பிறந்த அக்கா. இதை ஒரு வெளிநாட்டு விமர்சகர் விளக்கப் பத்து வரி எடுத்துக்கொள்வார். அக்கா மகள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்: "மாமா, மார்த்தா அவனுக்கு அத்தை முறை. அத்தை பொண்ணைக் கட்டலாம், அத்தையைப் போயி எப்படி?" முதல் சீசனில் யோனாஸ் அந்த உண்மையைத் தெரிந்துகொண்டு மார்த்தாவை விட்டு விலகுகிற இடத்தின் கனம் நம் ஊர்க்காரர்களுக்கு வயிற்றில் இறங்குகிறது.

அந்த விரிப்பில் பென்சிலில் இருந்த கேள்விகள் இவை. மார்த்தாவின் தாத்தா ட்ரோன்டே நீல்சனுக்குத் தகப்பன் யார்? காலப் பயணி கிளௌடியாவின் மகள் ரெகினாவுக்குத் தகப்பன் ட்ரோன்டேதானா? மகளுக்கு மகளாகவும் தாய்க்குத் தாயாகவும் சார்லோட்டும் எலிசபெத்தும் ஒருவரையொருவர் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அந்த வளையத்துக்கு முதல் கண்ணி எங்கே? முகம் சிதைந்த ஆடம், தானே முதுமையடைந்த யோனாஸ் என்கிறான். அவன் சொல்வது உண்மையா, யோனாஸைக் கட்டிப்போடச் சொல்லும் பொய்யா? கிளௌடியா யார் பக்கம்? எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி: உலகங்கள் எத்தனை? இந்தக் கடைசிக் கேள்விக்கு நண்பர் சொன்ன பதிலை நான் இன்றுவரை மெச்சுகிறேன். குகைக் கதவிலும் நூல்களிலும் தொடர் முழுக்க வருகிற சின்னம் ஒன்றுக்குள் ஒன்று கோத்த மூன்று வளைவுகளால் ஆனது. முதல் சீசனில் அதை நாங்கள் மூன்று காலங்கள் என்று எடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது சீசனில் காலங்கள் மூன்றோடு நிற்காமல் பெருகிவிட்டன. "அப்ப அந்த மூணு எதுக்குண்ணே? ரெண்டாவது உலகம் வந்துருச்சுல்ல, மூணாவது ஒண்ணு கண்டிப்பா இருக்கு. அதுலதான் பிரச்சினையே தொடங்கியிருக்கும்" என்றார் அவர். அதைத் தாளின் மேல் மூலையில் எழுதி வட்டமிட்டு வைத்தோம்.

கடைசி சீசன் இந்த ஊகத்துக்குக் கொடுத்த விடைதான் இந்த மதிப்புரையின் மையம். யோனாஸின் உலகம் ஒன்று, மார்த்தா வந்த உலகம் ஒன்று. ஒன்றை ஆடமும் மற்றொன்றை முதிய மார்த்தாவான ஈவாவும் ஆட்டுவிக்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று பெற்றெடுத்துக்கொண்டே இருக்கின்றன. ஆனால் இரண்டுமே மூலம் அல்ல. கடிகாரம் செய்யும் டான்ஹவுஸ் 1971இல் கார் விபத்தில் மகனையும் மருமகளையும் பேத்தியையும் இழந்து, அவர்களைத் திரும்பப் பெற 1986இல் ஒரு கருவியைச் செய்து இயக்கியபோது, அவருடைய உலகம் பிளந்து பிறந்தவைதான் இந்த இரண்டும். அந்த மூன்றாவது உலகத்துக்குப் போய் விபத்தைத் தடுத்தால் பிளவே நடக்காது. பிளவு நடக்காவிட்டால் யோனாஸும் மார்த்தாவும் இல்லை. அவர்கள் தெரிந்தே போய்த் தடுக்கிறார்கள்.

இந்த விடை எங்கிருந்தோ இறக்கப்பட்டதல்ல என்பதைத்தான் நான் வலியுறுத்த விரும்புகிறேன். டான்ஹவுஸ் முதல் சீசனிலேயே கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார். காலப் பயணத்தைப் பற்றிய நூலை எழுதியவர் அவர். பித்தளைக் கருவியைப் பழுது பார்க்க அவரிடம்தான் கொண்டுவருகிறார்கள். அவருடைய பேத்தியாக வளர்கிற சார்லோட்தான் மகளுக்கு மகளான அந்த விசித்திரமான சார்லோட். மூன்று வளைவுச் சின்னமும் முதலிலிருந்தே கதவில் இருக்கிறது. அதைவிட நேர்த்தியான தடயம், ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் பெயர்கள் ஓடும்போது வருகிற காட்சிகள். காடும் முகங்களும் கட்டடங்களும் நடுவில் வெட்டப்பட்டு, இடது பாதி வலது பாதியின் கண்ணாடி நிழலாக ஒட்டப்பட்டிருக்கின்றன. மூன்றாவது சீசனில் மார்த்தாவின் உலகம் உண்மையிலேயே இடவலம் மாறிய உலகமாக வருகிறது. யோனாஸ் அணிந்த மஞ்சள் மழைக்கோட்டை அங்கே மார்த்தா அணிந்திருக்கிறாள். முதல் உலகத்தில் ஒரு கண்ணை இழந்திருக்கும் காவலர் வோல்லர் இரண்டாவது உலகத்தில் ஒரு கையை இழந்திருக்கிறார். 2017இல் முதல் பகுதியின் தொடக்கப் பாடலை நிறுத்தி நிறுத்திப் பார்த்த ஒருவர், கண்ணாடி உலகம் ஒன்று வரப்போகிறது என்று அன்றே சொல்லியிருக்கலாம். இப்படி வெளிப்படையாக எல்லோர் கண்முன்னும் விடையை வைத்துவிட்டு, இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக இருந்த தொடர் எனக்குத் தெரிந்து வேறில்லை.

சிறிய கேள்விகளுக்கும் நேர்மையாகவே பதில் வந்தது. ஆடம் சொன்னது உண்மை. ட்ரோன்டேயின் தகப்பன், யோனாஸுக்கும் மாற்று மார்த்தாவுக்கும் பிறந்த பெயரில்லாத மகன். இரண்டு உலகங்களின் குடும்பங்களையும் ஒரே முடிச்சாகக் கட்டுகிறவன் அவன்தான். ரெகினா ட்ரோன்டேயின் மகள் அல்ல; ஆகவே அந்த முடிச்சுக்குள் அவள் இல்லை. முடிச்சு அவிழ்ந்த பிறகு வருகிற கடைசி விருந்துக் காட்சியில் மேசையைச் சுற்றி யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே ஒரு விடைத்தாள்: ரெகினா இருக்கிறாள், ஹன்னா இருக்கிறாள், கத்தரீனாவும் பீட்டரும் இருக்கிறார்கள், யோனாஸ், மார்த்தா, மிக்கேல், உல்ரிக், சார்லோட் எவரும் இல்லை. அக்கா மகள் அந்தக் காட்சியை நிறுத்திவைத்து, தன் விரிப்பில் ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தாள். இருக்கக் கூடாத ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை. கதைக்குள் எவ்வளவோ நாடகம் இருந்தாலும், கணக்கு இப்படிச் சுத்தமாகத் தீர்ந்ததைப் பார்த்தபோது கிடைத்த நிறைவு தனி.

சறுக்கல் எங்கே என்பதைச் சொல்ல வேண்டும். முடிவை எட்டுவதற்குக் கதைக்கு ஒரு வழி தேவைப்படுகிறது: எல்லாமே திரும்பத் திரும்ப அதே மாதிரி நடக்கும், எதையும் மாற்ற முடியாது என்று இரண்டு சீசன்களாக அடித்துச் சொல்லியாகிவிட்டது, பிறகு எப்படி மாற்றுவது? அதற்கு மூன்றாவது சீசன் கொண்டுவரும் விதி, பேரழிவு நிகழும் கணத்தில் காலம் ஒரு நொடி நின்றுவிடுகிறது, அந்த நொடியில் காரணமும் விளைவும் அறுந்துபோகின்றன, அதைப் பயன்படுத்தினால் வேறு பாதையில் போகலாம் என்பது. இந்த விதிக்கு முந்தைய இரண்டு சீசன்களில் போதுமான அடையாளம் இல்லை. ஆடம் உண்மை சொல்கிறானா என்று ஊகிக்க முடிந்தது, மூன்றாவது உலகத்தை ஊகிக்க முடிந்தது. வளையத்தை எப்படி உடைப்பார்கள் என்பதை மட்டும் எந்தத் தடயத்தைக் கொண்டும் ஊகித்திருக்க முடியாது. அதுவும் இந்த விளக்கம், கிளௌடியா ஆடமுக்கு எதிரே நின்று நீளமாகப் பேசுகிற பேச்சாக வந்து சேர்கிறது. 25 பகுதிகள் காட்சியாகக் காட்டிய தொடர், மிக முக்கியமான இடத்தில் வாயால் சொல்லிவிட்டுப் போவது வருத்தமாக இருந்தது. கிளௌடியா இரு தரப்பையும் ஏமாற்றிக்கொண்டு தனியாகவே தேடி அலைந்ததை ஒரு முழுப் பகுதியாகக் காட்டியிருந்தால் இந்தக் குறை இருந்திருக்காது. அவளுக்கு அந்தத் தகுதியும் இருந்தது.

வேறு குறைகளும் உண்டு, அவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். புதிய உலகத்தை அறிமுகப்படுத்தும் முதல் சில பகுதிகளில், ஏற்கெனவே பார்த்த காட்சிகளே இடம் மாறித் திரும்ப வருவதால் நடை தளர்கிறது. ரெகினாவின் கணவர் அலெக்சாண்டர் 1986இல் ரத்தக் காயத்தோடும் வேறொருவர் பெயரோடும் ஊருக்குள் வந்தாரே, அதற்கு முன் அவர் என்ன செய்தார் என்பது கடைசிவரை சரியாகச் சொல்லப்படவில்லை. வோல்லரின் கண்ணுக்கு என்ன ஆனது என்பதையும் தொடர் சொல்லவில்லை. கடைசி விருந்தில் அவர் சொல்லத் தொடங்கும்போது மின்சாரம் போய்விடுகிறது. இந்த இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். வோல்லரின் கண் வேண்டுமென்றே விடப்பட்ட கேள்வி, ஏதாவது ஒன்று குறுக்கிட்டுக் குறுக்கிட்டு அந்தப் பதிலைத் தள்ளிப்போடுகிறது. அலெக்சாண்டரின் கதை அப்படி அல்ல. அது எழுதியவர்கள் மறந்துபோன கடன்.

இந்தத் தொடரின் தகுதியை முழுதாக உணர, ஊகிப்பவர்களைப் பாதியில் விட்டுவிட்ட பெரிய தொடர் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்வது உதவும். 2004 செப்டம்பர் முதல் 2010 மே வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த, விமானம் விழுந்து ஒரு தீவில் சிக்கியவர்களின் கதையான 'லாஸ்ட்' தொடரின் ஐந்தாவது சீசன், தீவில் ஓர் அணுகுண்டை வெடிக்கச் செய்து, திரை வெளுத்துப்போவதோடு 2009 மே மாதம் முடிந்தது. குண்டு வெடித்ததால் விமானம் விழுந்ததே நடக்காமல் போகுமா, அல்லது வெடித்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணமாக அமையுமா என்று உலகம் முழுவதும் மாதக்கணக்கில் விவாதித்தார்கள். கடைசி சீசன் தொடங்கிய 2010 பிப்ரவரி 2 அன்று அமெரிக்க அதிபரின் ஆண்டு உரை அமைந்துவிடாது என்று வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளரே உறுதி சொல்ல நேர்ந்தது என்றால், எதிர்பார்ப்பின் அளவைப் புரிந்துகொள்ளலாம். விமானம் பத்திரமாகத் தரையிறங்கிய இன்னொரு வாழ்க்கையைக் காட்டிக்கொண்டே போன அந்தக் கடைசி சீசன், அது மரணத்துக்குப் பிறகு அவர்கள் எல்லோரும் கூடுமிடம் என்று முடித்தது. பாத்திரங்களை விடைகொடுத்து அனுப்பிய விதத்தில் அந்த முடிவு உருக்கமானது, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் குண்டைப் பற்றி யோசித்தவருக்கு அது பதில் அல்ல. அவர் எடுத்துவைத்திருந்த தடயங்களில் எதுவும் அந்த இடத்துக்குப் போகவில்லை. 'டார்க்' பார்த்து முடித்தவுடன் முதல் சீசனைத் திரும்பப் பார்க்கத் தோன்றுகிறது. 'லாஸ்ட்' முடிந்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மர்மத் தொடருக்காகக் காத்திருப்பதும் விடையை முன்கூட்டியே சொல்லப் போட்டி போடுவதும் மதுரைக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஊரிலேயே வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விடாது கருப்பு', 1990களில் சன் தொலைக்காட்சியில் நாகாவின் இயக்கத்தில் 'மர்மதேசம்' வரிசையில் வந்தபோது, குதிரையில் வந்து தண்டிப்பது கருப்பசாமியா மனிதரா என்று வீட்டுக்கு வீடு பேச்சு நடந்தது. வாரத்துக்கு ஒரு பகுதி. அடுத்த வாரம் வரை திண்ணையிலும் பள்ளிக்கூடத்திலும் ஊகம் நடக்கும். தெய்வமா மனமா என்று இரண்டு பக்கமும் தடயங்களைச் சமமாக வைத்துக்கொண்டே போன அந்தத் தொடர், ஊகிப்பவரை மதிக்கத் தெரிந்த தொடர். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'டார்க்' அந்நியமாக இருக்காது என்று துணிந்து சொல்வேன். இன்று ஒரே மூச்சில் எல்லாப் பகுதிகளையும் பார்த்துவிடும் வசதி வந்துவிட்டதால், காத்திருக்கும் அந்த இடைவெளி பார்வையாளரிடமிருந்து பறிபோயிருக்கிறது. 'டார்க்' போன்ற தொடருக்கு அது உண்மையான இழப்பு, ஏனென்றால் இதன் சுவையில் பாதி அந்த இடைவெளியில்தான் இருந்தது.

இனி, புதிதாகப் பார்க்கப்போகிறவர்களுக்கு. ஜெர்மன் ஒலியில், ஆங்கில எழுத்துகளைக் கீழே போட்டுக்கொண்டு பாருங்கள்; ஆங்கிலத்தில் பேசவைத்த வடிவமும் இருக்கிறது, ஆனால் நடிகர்களின் குரல் போய்விட்டால் பாதி நடிப்பு போய்விடுகிறது. ஒரே பாத்திரத்தின் இளமைக்கும் நடுவயதுக்கும் முதுமைக்கும் இவ்வளவு பொருத்தமான முகங்களை எப்படித் தேடிப் பிடித்தார்கள் என்ற வியப்பு கடைசிவரை தீராது; ஒரே பாத்திரத்தில் நடிக்கும் லூயிஸ் ஹோஃப்மனையும் ஆண்ட்ரியாஸ் பீச்மனையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அது புரியும். கைபேசியில் பார்ப்பதைத் தவிர்க்கலாம். மலிவான கைபேசித் திட்டத்தில் நான் முதல் சில பகுதிகளைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது, குகைக் காட்சிகளில் திரையில் தெரிந்தது என் வீட்டு ஜன்னல் கம்பிகளின் நிழல்தான். படம் அவ்வளவு இருட்டு. நம் ஊர் வெயிலுக்கு, பொழுது சாய்ந்த பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பதே சரி. வன்முறையும் உடலுறவுக் காட்சிகளும் இருப்பதால் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் தொடர் அல்ல. வேறு வேலை செய்துகொண்டே பார்க்கவும் முடியாது. இரண்டு நிமிடம் கவனம் தவறினால் யார் யாருக்கு என்ன உறவு என்பது கைவிட்டுப் போய்விடும்.

உறவுகள் குழம்பினால் இணையத்தில் தேடாதீர்கள். தேடுகிற பெட்டியில் ஒரு பாத்திரத்தின் பெயரைத் தட்டிய உடனேயே அவர் யாருடைய பிள்ளை என்பது மேலே வந்து நின்றுவிடும். அக்கா மகளின் தோழி ஒருத்திக்கு இரண்டாவது சீசனின் மிகப் பெரிய திருப்பம் அப்படித்தான் வீணாயிற்று. இந்தத் தொடருக்கென்று நெட்ஃபிளிக்ஸே ஒரு தனிப் பக்கம் வைத்திருந்தது. எந்தப் பகுதிவரை பார்த்திருக்கிறோம் என்று சொன்னால் அதுவரை தெரிந்த உறவுகளை மட்டும் காட்டும். அதைவிட ஒரு பெரிய தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே வரைவது மேல். கடைசியாக ஒரு வேண்டுகோள்: இரண்டாவது சீசன் முடிந்ததும் அடுத்த பகுதி தானாக ஓடத் தொடங்கும், அதை நிறுத்துங்கள். குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். கூடப் பார்ப்பவர் யாராவது இருந்தால் அவரோடு உட்கார்ந்து, உலகங்கள் எத்தனை, தொடங்கியவர் யார், கடைசியில் யார் மிஞ்சுவார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் உங்கள் பதிலைக் காரணத்தோடு எழுதிவைத்துவிட்டு, அதன்பிறகு மூன்றாவது சீசனைத் தொடுங்கள்.